அரைப் போத்தல் தண்ணீரும் நாலு சாமியும்

எல்லா மதமும் ஒன்றுதான் என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் படிப்பிக்கும் பாடசாலை லுணுகலைப் பக்கம் இருக்கிறது. அங்கே வருடத்துக்கு ஒருமுறை சர்வமத நிகழ்வு என்று ஒன்று வைப்பார்கள். குருக்கள், பௌத்த ஹாமுதுரு, மௌலவி, பாதிரியார் நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆளுக்குப் பத்து நிமிடம் அன்பைப் பற்றிப் பேசுவார்கள். பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள். பிறகு போட்டோ, கேக், வாழைப்பழம். நாலு பேரும் நாலு வாகனத்தில் ஏறிப் போய்விடுவார்கள். போன முறை நான் கை தட்டாமல் உட்கார்ந்திருந்ததை அதிபர் கவனித்துவிட்டார். "டீச்சருக்கு என்ன கோவம்?" என்று கேட்டார். தலைவலி என்றேன். தலைவலியாவது மண்ணாங்கட்டியாவது.

என் கோபத்துக்குக் காரணம் என் அம்மா. அவள் சாகக் கிடந்த மூன்று நாளில் அவளை எந்தச் சாமியிடம் அனுப்புவது என்று அவள் பெற்ற மூன்று பிள்ளைகளும் கட்டிலைச் சுற்றி நின்று அடித்துக்கொண்டோம். நான் மூத்தவள், இந்து. தம்பி கிறிஸ்தவ சபைக்காரன். தங்கச்சி பதுளை டவுனில் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். மூன்று பேருமே அம்மாவின் நன்மைக்காகத்தான் சண்டை போட்டோம். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அம்மா மடுல்சீமைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவள். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறினால், முதல் பிடிக் கொழுந்தைக் கூடைக்குள் போடும்போது "பொலி, பொலி" என்பாள். எல்லாப் பெண்களும் சொல்வதுதான். அம்மா மட்டும் சொல்லிவிட்டு ஒரு நொடி கண்ணை மூடுவாள். தேயிலை மலை ஓரத்தில் ஒரு மாடசாமிக் கல் உண்டு. அதற்கு ஒரு கும்பிடு. ஒரு நாள் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் யாரோ அரசங்கன்று ஒன்றை நட்டு, வேலி போட்டு, பௌத்தக் கொடியும் கட்டிவிட்டார்கள். தொழிலாளர் லயத்து ஆம்பிளைகள் கொதித்தார்கள். நாளைக்கு விகாரை வரும், நாளன்றைக்குக் கல்லைக் காணோம் என்பார்கள் என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். அம்மா குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் மிச்சத்தை அந்தக் கன்றுக்கும் ஊற்றிவிட்டு வந்தாள். "மரம் என்னா பாவம் செஞ்சிச்சி?" என்றாள்.

மற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் என் வீட்டு அழுக்கைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் புதிதாகக் கட்டியபோது அம்மா தலையில் மண்ணும் கல்லும் சுமந்தாள். எங்கள் கீழ் லயத்துப் பெண்கள் எல்லோரும் சுமந்தார்கள். கோயில் எழும்பி நின்ற பிறகு கீழ் லயத்து ஆட்கள் முன் மண்டபத்தோடு நிற்க வேண்டும் என்று கோயில் கமிட்டி சொன்னது. சொன்னவர்கள் சுமந்தவர்கள் அல்ல. என் மதத்தில் சேர்வதற்கு யாரும் முழுக வேண்டாம், சாட்சி வைத்து எதையும் சொல்ல வேண்டாம். பிறந்தால் போதும். பிறந்த பிறகுதான் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று கையைக் காட்டுவார்கள். அம்மா காட்டிய இடத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தாள். நான் படித்து, வேலை கிடைத்து, டீச்சர் என்ற பெயரோடு போனபோது அதே கமிட்டித் தலைவர் "உள்ள வாங்க டீச்சர்" என்றார். நான் போனேன். அம்மாவை வெளியே நிற்க வைத்துவிட்டு நான் உள்ளே போனேன். அதை எந்த வாயால் சொல்வது.

தம்பி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குப் போய், குடிகாரனாகத் திரும்பி வந்தவன். லயத்துக்கே தெரியும், கசிப்பு குடித்துவிட்டு சாக்கடைக் கான் ஓரத்தில் விழுந்து கிடப்பான். கமிட்டிக்காரர்கள் அவனைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பூசை செய்தார்கள். ஒரு சபைக்காரர்தான் அவனைத் தூக்கி உட்கார வைத்துப் பேசினார். ஆறு மாதத்தில் ஞானஸ்நானம் எடுத்து ஆற்றில் முழுகி எழும்பினான். அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அதை நான் மறுத்தால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் குடியை விட்டவன் அதோடு நின்றானா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவின் காம்பராச் சுவரில் இருந்த சாமிப் படங்களைக் கழற்றி அடுப்பில் வைத்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் கன்னத்தில் விட்டேன் ஒரு அறை. மறு கன்னத்தை எல்லாம் அவன் காட்டவில்லை. "என்னாக்கா அடிக்கிற?" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அம்மா சாம்பலை அள்ளித் துளசிச் செடிக்குப் போட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு அவனோடு சபைக்குப் போய்க் கை தட்டிப் பாடிவிட்டும் வந்தாள். நான் சத்தம் போட்டதற்கு, "பாட்டு நல்லாத்தான்டி இருக்கு" என்றாள்.

தங்கச்சி பதுளையில் ஒரு துணிக்கடையில் நின்றாள். கடை முதலாளியின் மகனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போயிற்று. கலிமா சொல்லி, புதுப் பெயர் வாங்கி, நிக்காஹ் முடிந்தது. நான் ஒரு வருடம் பேசவில்லை. முதல் நோன்புப் பெருநாளுக்கு அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே தங்கச்சி மாமியாரோடும் மதினிமார்களோடும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் கோயில் அன்னதானத்தில் கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டவள் அவள்.  நான் புறப்படும்போது அவளைப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மாமியாரின் முகம் சுருங்கியது. தங்கச்சி திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போவதற்கு அகலமாகத்தான் கதவு வைத்திருக்கிறார்கள். திரும்பி வருகிற கதவு எந்தப் பக்கம் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அம்மா படுத்தாள். கால் வீங்கியது, மூச்சு இரைத்தது. பதுளை ஆஸ்பத்திரியில், இருதயம் பலவீனமாகி நெஞ்சில் நீர் கோக்கிறது என்றார்கள். ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் போத்தலில் பாதிக்கு மேல் தண்ணீர் கூடாது. கஞ்சியும் மருந்து விழுங்கும் தண்ணீரும் எல்லாம் அதற்குள்தான். வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்கள அம்மா இருந்தார். அவருடைய மகன் விகாரையிலிருந்து கொண்டுவந்த பிரித் நூலில் ஒரு துண்டை அறுத்து அம்மாவின் கையில் கட்டினார். சின்னப் போத்தலில் பிரித் ஓதிய தண்ணீரும் கொடுத்தார். அம்மா என்ன மதம் என்று அவர் கேட்கவே இல்லை. நானோ, வெளியே வந்ததும் நூலைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். புத்தி அப்படி.

பத்தாம் நாள் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். துண்டு எழுதிக் கொடுத்த நர்ஸ், "இனி அம்மா ஆசப்பட்டுக் கேக்கிறத எல்லாம் குடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எரிச்சல் வந்தது. வேலை சுலபமாகப் போகட்டும் என்று சொல்கிறார்கள் என்று வாய்க்குள் திட்டினேன். நான் விடமாட்டேன், வார்டில் நடந்த மாதிரியே ஒழுங்காகப் பார்த்து எழுப்பிக் காட்டுவேன் என்று முடிவெடுத்தேன். ஒரு லீற்றர் போத்தலை வாங்கி, பாதியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். தினமும் காலையில் ஆறிய தண்ணீரைக் கோடு வரைக்கும் நிரப்புவேன். அதற்கு மேல் ஒரு சொட்டுக் கிடையாது.

முதல் நாளே தங்கச்சி வந்துவிட்டாள். ஹஜ்ஜுக்குப் போய் வந்த உறவினர் கொடுத்த ஸம்ஸம் தண்ணீர் கையில் இருந்தது. தம்பி, சபையில் ஜெபம் பண்ணிய தண்ணீர் ஒரு போத்தல். என்னிடம் கதிர்காமத் தீர்த்தம். அம்மாவின் தலைமாட்டில் ஏற்கனவே பிரித் தண்ணீர். நாலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் போத்தல். யார் எதை எடுக்கிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

"ஒரு மூடி குடுக்கிறேன்க்கா" என்றாள் தங்கச்சி.

"குடு. ஆனா அளவுக்குள்ளதான்" என்றேன்.

அவள் ஒரு மூடி கொடுத்தாள். நான் என் போத்தலைத் திறந்து, அதே மூடியால் ஒன்று அளந்து, வெளியே போய்க் கானுக்குள் ஊற்றினேன். தம்பி ஒரு மூடி கொடுத்தான். இன்னொரு மூடி கானுக்குள் போனது. நான் தீர்த்தம் கொடுத்தேன், அதற்கும் ஊற்றினேன். நியாயம் என்றால் நியாயம், எனக்கும் ஒரே சட்டம்தான் என்று பெருமையாக இருந்தது. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பக்கத்துக் காம்பராப் பெரியம்மா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவோடு ஒரே கூட்டத்தில் கொழுந்து பறித்தவர், வாய் நீளம். "அடி புள்ள, நல்ல தண்ணிய ஏன்டி கொட்டுற?" என்றார். டாக்டர் சொன்னது என்றேன்.

இரண்டாம் நாள் மூடி கோப்பையானது. நான் சமைக்கப் போன நேரம் பார்த்து தம்பி இரண்டு மடக்குக் கொடுத்தான். அவன் முகம் கழுவப் போன நேரம் தங்கச்சி கொடுத்தாள். பிறகு இரண்டு பேரும் கள்ளமில்லாமல் என்னிடம் சொல்லவும் செய்தார்கள். பொய் சொல்லக்கூடாது என்று இரண்டு மதமும் சொல்லியிருக்கிறதே! நான் விடுவேனா? தீர்த்தத்தில் அரைக் கோப்பை கொடுத்தேன். அத்தனைக்கும் அளந்து கொட்டியதில், பத்து மணிக்கெல்லாம் என் போத்தலின் அடியில் நாலு விரல் தண்ணீர்தான் மிச்சம். அது மத்தியானக் கஞ்சிக்கும் மருந்துக்கும் போய்விட்டது.

அன்றைக்குத்தான் பெரிய சண்டை. தம்பி கட்டில் ஓரத்தில் முழங்காலில் நின்று, "அம்மா, ஒரே ஒரு வார்த்த சொல்லும்மா. ஏசப்பாவ ஏத்துக்கிறேன்னு வாயால சொல்லு. அது போதும்" என்று கெஞ்சினான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மூச்சு விடவே ஏலாம கெடக்கிறா, அவகிட்ட வார்த்த கேக்கிறியா? மனுசன்தானா நீ?"

அவன் திரும்பிப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. "ஒனக்கென்னாக்கா. நீ அடுத்த சென்மத்துல பாத்துக்குவ. நான் பரலோகத்துக்குப் போயி அங்க அம்மா இல்லன்னா என்னா செய்வேன்? கான்ல கெடந்தவன ராவெல்லாம் காவல் காத்தவ. அவ இல்லாத எடத்துல நான் போயி என்னா பாடுறது?"

தங்கச்சி சுவரில் சாய்ந்து விம்மிக்கொண்டிருந்தாள். "எனக்கும் அதே பயந்தான்க்கா. காதுல கலிமா சொல்லிர்றேனே. யாருக்கு என்னா நட்டம்? அந்தப் பக்கம் போயி நான் அம்மான்னு கூப்பிட்டா யாரு வருவா?"

 அந்த இரண்டு பேருக்காவது தேடிப் போக ஒரு இடம் இருந்தது. எனக்கோ, அம்மா எந்த ஊரில் எந்த வயிற்றில் போய்ப் பிறப்பாள், எதை வைத்துக் கண்டுபிடிப்பேன் என்று எந்தக் குருக்களும் சொல்லித் தரவில்லை. அந்தப் பயத்தைத்தான் நான் கோபமாக்கிக் கத்தினேன். "இவ மாரியாத்தா புள்ள. அப்பிடியே பொறந்தா, அப்பிடியே போவா. எவனும் கிட்ட வரக்கூடாது!" மாரியாத்தா கோயிலில் அவளை முன் மண்டபத்தோடு நிற்க வைத்தது நினைவுக்கு வந்தும் கத்தினேன்.

அம்மா கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாள். உதட்டை அசைத்தாள். மூன்று பேரும் சட்டென்று குனிந்தோம். ஏசுவா, அல்லாவா, முருகனா என்று மூன்று பேருமே காத்திருந்தோம், சத்தியமாக.

"தேத்தண்ணி" என்றாள் அம்மா.

கொழுந்து பறித்த பெண்களுக்குத் தேத்தண்ணி என்றால் என்னவென்று வெளியே இருப்பவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. பால் இல்லை, சீனி உள்ளே போடுவதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து ஒரு நக்கு, ஒரு மடக்கு. மலையில் நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த நிரைக்குப் போவார்கள். அம்மாவுக்கு அது இல்லாமல் ஒரு நாள் விடிந்ததில்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் கிடைக்கும் என்று இருந்திருப்பாள்.

போத்தலைத் தூக்கிக் காட்டினேன். "இன்னைக்குக் கோடு முடிஞ்சிருச்சும்மா. நாளைக்கி."

மூன்றாம் நாள் முதல் தண்ணீரே தேத்தண்ணிதான் என்று மனதில் வைத்திருந்தேன். ஆனால் விடிந்ததும் தம்பி சபையிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்துவிட்டான். தங்கச்சியின் மாமியார் ஓதிக் கொடுத்த தண்ணீர் ஒரு கோப்பை வந்தது. விடுவேனா என்று கமிட்டித் தலைவரை நானும் கூட்டிவந்தேன். அம்மாவை மண்டபத்தோடு நிற்க வைத்த அதே ஆள், அபிசேகத் தண்ணீரோடு வந்தார். எல்லோரும் கொடுத்தார்கள். வாயோரத்தில் வழிந்தது வழிய, போனது போக, நான் கணக்குத் தவறாமல் என் போத்தலிலிருந்து அளந்து அளந்து கொட்டினேன். ஒன்பது மணிக்குப் போத்தல் காலி.

பதினொரு மணிக்கு அம்மா கேட்டாள். "நாக்கு ஒட்டுதுடி. ஒரு மடக்கு ஊத்து."

"கோடு முடிஞ்சிருச்சும்மா."

ஒரு மணிக்கு மறுபடியும் கேட்டாள். பெரியம்மா தன் காம்பராவிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். பித்தளைக் கோப்பை, உள்ளங்கையில் சீனி. நான் கதவில் நின்று மறித்தேன்.

"வேணாம் பெரியம்மா. நெஞ்சில தண்ணி ஏறிரும்."

"ஏன்டி, காலையில இருந்து ஊருக்குள்ள இருக்கிற தண்ணியெல்லாம் ஊத்துனீங்களே, அது ஏறலையா?"

"அதுக்கு அளவு பாத்துத்தான் குடுத்தோம்."

"நீங்க ஒங்க சாமிக்குக் குடுத்தீங்கடி. அவளுக்கு என்னாத்தக் குடுத்தீங்க?" லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சபைக்காரர்கள் பாட்டை நிறுத்திப் பார்த்தார்கள். எனக்கு அவமானம் பொறுக்கவில்லை. படித்தவள், டீச்சர், எனக்கே சொல்லித் தருகிறாரா என்று. "ஒங்க வேலயப் பாத்துக்கிட்டுப் போங்க" என்றேன். அவர் கையிலிருந்த சீனியை வாசலில் உதறிவிட்டுப் போனார்.

நான் அம்மாவிடம் திரும்பி வந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள். "நாளைக்கி விடிஞ்சதும் மொதத் தண்ணி தேத்தண்ணிதாம்மா. சத்தியமா" என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள். பெரட்டுக் களத்தில் கங்காணி இந்த மலை என்றால் ஆட்டுவாளே, கமிட்டி இந்த இடம் என்றால் ஆட்டுவாளே, அதே ஆட்டு. நாலு மணிக்கு, நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில் இருக்கும்போதே, போய்விட்டாள். யாருடைய வார்த்தையையும் சொல்லவில்லை.

அடக்கத்தில் நடந்த கூத்தைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. சபை பாடினால் தப்பு மேளம் அடிக்கமாட்டோம் என்றது கமிட்டி. தப்பு அடித்தால் ஜெபிக்கமாட்டோம் என்றது சபை. தங்கச்சியின் வீட்டார் தேயிலைக்குள் தள்ளி நின்றார்கள். கடைசியில் அம்மா பாட்டும் இல்லாமல் தப்பும் இல்லாமல் மண்ணுக்குள் போனாள். அரசங்கன்றுக்கு அன்றைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை.

பதினாறாம் நாள் நான் படையல் போட்டேன். செத்தவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும். சோறு, கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை, பாக்கு. பிறகு தேத்தண்ணி ஊற்றி அம்மாவின் கோப்பையில் வைத்தேன். பக்கத்தில் ஒரு சின்னக் குவியல் சீனி. படைத்த சாப்பாடு என்று தம்பி வாசலிலேயே நின்றான். தங்கச்சி துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள். கோப்பை விளிம்பு வரைக்கும் நிரம்பியிருந்தது. ஆவி பறந்தது.

பெரியம்மா வந்து எட்டிப் பார்த்தார். என்னைப் புள்ள என்றுதான் எப்போதும் கூப்பிடுவார்.

"ஏன் டீச்சரு, இன்னைக்குக் கோடு முடியலையா?" என்றார்.